நிலுவையில் இருந்த டீச்சர்

போன வாரம் கவிதா போன் செய்தாள். பேரூராட்சி அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, ஒரு பெரியவர் வந்திருக்காருங்க. நினைவு தப்பிப் போயிட்டா என்ன வைத்தியம் பண்ணலாம், எதெல்லாம் பண்ணக் கூடாதுன்னு முன்கூட்டியே எழுதி, நோட்டரி சீலெல்லாம் வாங்கிக் கொண்டாந்திருக்காரு. இதை எந்த ரிஜிஸ்டர்லங்க ஏத்தறது?"

பதில் சொல்ல ஆரம்பித்தவள் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். கவிதாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், மேசைக்கு முன்னால் நிற்கும் பெரியவர் ஒரு பக்கம். "இதையெல்லாம் எழுதி வையுங்கக்கா, அடுத்த தடவை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் தட்டச்சராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவள் நான். ஊர்ப் பெயர் வேண்டாம். குழாய் வரி, தெருவிளக்கு, கட்டட அனுமதி என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, கடைசிப் பதினைந்து வருடம் பிறப்பு இறப்புப் பதிவில் இருந்தேன். அங்கே வேலை சுலபம். வந்தவர்களை ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும், போனவர்களை இன்னொரு புத்தகத்தில். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றி எங்கள் பிரிவுக்குக் கவலை கிடையாது. டீச்சர் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சரைப் பற்றிச் சொல்லுமுன் எங்கள் செயல் அலுவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈ.ஓ. என்போம். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா. எந்தக் கோப்பை வைத்தாலும் முதலில் ஓரங்களைத் தட்டி நேராக்குவார். பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் படிப்பார். "முடிவு தெரிஞ்சுட்டா பயமில்லாம படிக்கலாம் பாருங்க மேடம்" என்பார். படித்து முடித்ததும் பேனா மூடியைக் கழற்றுவார். கையெழுத்துப் போடப்போகிறார் என்று நாம் மூச்சு விடும்போது நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "முன்மாதிரி இருக்குதுங்களா?"

இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் மூடி திரும்பப் பேனாவுக்குப் போய்விடும்.

ஒருமுறை மாதையன் என்று ஒரு விவசாயி வந்தார். அதே பெயரில் வேறொருவர் இறந்ததற்கு இவர் பெயர் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. இறப்புப் பதிவைத் திருத்த வேண்டும். விண்ணப்பத்தில், இறப்பைத் தெரிவித்தவர் கையொப்பம் என்று ஓர் இடம் உண்டு. பதிவில் தகவல் தந்தவராக இருந்தது மாதையனின் மனைவி பெயர். அந்தம்மா அலுவலகத்திலேயே அழுதுவிட்டார். "நான் சொல்லவே இல்லீங்க. இந்த மனுசன் செத்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குங்களா?"

ஈ.ஓ. மாதையனை மேலும் கீழும் பார்த்தார். "உயிரோட இருக்கறவரு தானே நேரா வந்து திருத்தம் கேட்டதுக்கு முன்மாதிரி?" என்று என்னைக் கேட்டார். மாதையன்தான் பதில் சொன்னார்: "செத்தவன் வந்து கேட்டதுக்கு இருக்குதுங்களா சார்?" அன்று ஈ.ஓ. கையெழுத்துப் போட்டார். ஆனால் மூன்று நாள் கழித்து.

இப்படிப்பட்டவர் மேசைக்குத்தான் ஸ்டெல்லா டீச்சரின் காகிதம் போனது.

டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப்பேர் அவருக்குப் பயந்து வேறு பள்ளிக்குப் போனவர்கள். அவருடைய மாமனார் காலத்திலிருந்தே கோயிலுக்குப் பின்னால் நிலம், கிணறு, தக்காளி. கோயில் என்றால் மாதா கோயில். மூத்த மகன் ஆரோக்கியராஜ் அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். இளையவர் ஜான்பால் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சர் வந்து என் எதிரே உட்கார்ந்து, நான்கு பக்கம் உள்ள ஒரு பத்திரத்தை மேசையில் வைத்தார்.

"உயிலுங்களா டீச்சர்? அதுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போகணுங்க."

"உயில் இல்லம்மா. நான் பேச முடியாம படுத்துட்டா என்ன பண்ணணும், பண்ணக் கூடாதுன்னு எழுதிருக்கேன். திரும்பிப் பொழைக்கவே வழியில்லன்னு டாக்டருங்க உறுதியா சொல்லிட்டா, மெஷின் போட்டு இழுக்கக் கூடாது. வழியிருந்தா எல்லா வைத்தியமும் பண்ணலாம். நோட்டரி கையெழுத்து ஆயிடுச்சு. ஒரு காப்பிய உள்ளாட்சி அலுவலகத்துல கொடுக்கணும், அங்க ஒருத்தரப் பொறுப்பா போட்டு பத்திரமா வெக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வூட்டுக்காரரு மூணு வாரம் மெஷின்ல இருந்தாரும்மா. நடுவுல ஒருநாள் கண்ணு முழிச்சு என்னப் பாத்து ஏதோ சொல்ல வந்தாரு. வாயில குழாய். என்ன சொல்ல வந்தாருன்னு இன்னி வரைக்கும் யோசிக்கறேன். விடை வரல."

அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "இதுக்கு ரசீது போட்டுக் குடு" என்றார்.

பத்திரத்தைப் படித்தேன். அதற்குள்ளேயே ஒரு வரலாறு இருந்தது. தட்டச்சு செய்தவர் அதுவரை கிரயப் பத்திரம் தவிர வேறெதையும் அடித்ததில்லை. முதலில் "சொத்து விவரம் எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "சொத்து இல்லப்பா, என் உடம்பைப் பத்தி" என்று டீச்சர் சொன்னதும் யோசித்துவிட்டு, "அப்ப நாலு எல்லை சொல்லுங்க" என்றாராம். எல்லைகளை டீச்சர் நீக்கச் சொல்லிவிட்டார். ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி தப்பித்து நின்றது: "மேற்படி உடல் மீது எனக்கன்றி வேறெவருக்கும் யாதொரு பாத்தியதையும் இல்லை, வில்லங்கம் ஏதுமில்லை."

"இதையும் எடுத்திருக்கலாமே டீச்சர்?"

"படிச்சுப் பாத்தேன். சரியாத்தான இருக்குது? வுட்டுட்டேன்."

இரண்டு சாட்சிகளுக்கு அவர் பட்ட பாடு தனி. பக்கத்து வீட்டுக்காரர் பேனாவைக் கையில் வாங்கி, "நான் கையெழுத்துப் போட்டு நீங்க போயிட்டீங்கன்னா பழி எம்மேல வருமுங்களே" என்று திருப்பித் தந்துவிட்டார். கடைசியில் போட்டவர்கள் ஒரு தக்காளி வியாபாரியும் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்டும். ஏஜென்ட் முழுவதும் படித்துவிட்டு, "மேடம், இதுல முதிர்வுத் தொகை எதுவும் வராதுங்களா?" என்று கேட்டாராம்.

தன்னால் பேச முடியாதபோது தனக்காகப் பேச வேண்டியவராக டீச்சர் எழுதியிருந்தது மூத்த மருமகள் குளோரியின் பெயரை. ஏரியூர்ப் பக்கத்துப் பெண். "எம் பசங்க ரெண்டு பேருமே அழுதுட்டு நிப்பானுங்க. குளோரி வேலைய முடிச்சுட்டுத்தான் அழுவா" என்றார் டீச்சர்.

ஈ.ஓ. பத்திரத்தை ஓரம் தட்டினார். கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் பக்கம் வந்ததும் வில்லங்க வரியை இரண்டு தடவை படித்தார். பேனா மூடி கழன்றது.

"முன்மாதிரி?"

"இல்லைங்க சார்."

"நமக்கு எதுக்குங்க மேடம் இது? மேல கேட்டுருவோம்."

கேட்டோம். மேலே போன கடிதம் இது மருத்துவம் சம்பந்தப்பட்டது என்று ஓர் அலுவலகத்துக்குப் போனது. பத்திரம் சம்பந்தப்பட்டது என்று அவர்கள் இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். சொத்து எதுவும் இல்லாததால் எங்களுக்கு வேலையில்லை என்று அங்கிருந்து திரும்பியது. நான்கு பக்கம் போய் அறுபத்திரண்டு பக்கமாக வந்தது. அத்தனை நாளும் டீச்சர் செவ்வாய்க்கிழமை தோறும் பத்தரை மணிக்கு வந்து, "என் உடம்பு இப்ப எந்த ஆபீஸ்ல இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

கடைசியில் தெளிவான உத்தரவு வந்தது: உள்ளாட்சி அலுவலகமே ஒரு பொறுப்பாளரை நியமித்து ஆவணத்தைப் பாதுகாக்க வேண்டும். ஈ.ஓ. என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் மற்ற எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

நியமன ஆணையில் "திருமதி ஸ்டெல்லா அவர்களின் ஆவணத்தின் பாதுகாவலராக" என்று இருக்க வேண்டும். தட்டச்சில் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. ஆணை இப்படி வந்தது: "தலைமை எழுத்தர் திருமதி ராஜேஸ்வரி, திருமதி ஸ்டெல்லா அவர்களின் பாதுகாவலராக இதன்மூலம் நியமிக்கப்படுகிறார்." ஈ.ஓ. கையெழுத்துப் போட்ட பிறகுதான் பார்த்தோம். திருத்தலாம் என்றேன். "பிழைதிருத்தாணைக்குத் தனியா கோப்பு ஆரம்பிக்கணும். அது வேற மேல போகும்" என்றார். எனக்கு அறுபத்திரண்டு பக்கம் நினைவுக்கு வந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

நகலைப் பெற்றுக்கொண்ட டீச்சர் சிரிக்கவே இல்லை. "நான் எங்கம்மாவுக்குக் கூட இவ்வளவு வயசுல அடங்கிருக்க மாட்டேன். சரி, வெளிய போகணும்னா உங்கிட்டச் சொல்லிட்டுப் போகணுமா?" என்றார்.

ஒரு வாரத்தில் மகன்கள் இருவரும் வந்துவிட்டார்கள். அம்மா உயில் எழுதிவிட்டாள், நிலத்தைப் பேரூராட்சிக்குக் கொடுத்துவிட்டாள், அம்மாவையே பேரூராட்சி எடுத்துக்கொண்டது என்று ஊரில் மூன்று விதமாகப் பேச்சு. ஜான்பால் ஆணையின் நகலை ஆட்டிக் காட்டினார். "என்னாங்க மேடம் இது? நாங்க ரெண்டு பேரு மலையாட்டம் இருக்கறோம், எங்கம்மாவுக்கு நீங்க எப்பிடி கார்டியன்?"

டீச்சருக்குப் போன் போட்டேன். வந்தார். வகுப்புக்குள் நுழைவது போல வந்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்துவிட்டேன். முதல் மூன்று பக்கத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டினார். நிலத்தைப் பற்றி இல்லை என்று தெரிந்ததும் இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக இருவருக்கும் வெட்கமும் வந்தது.

ஆரோக்கியராஜ் அதிகம் பேசாதவர். அவர்தான் கேட்டார். "அப்ப எங்கள நம்பலீங்களாம்மா?"

"நம்பறதாலதாண்டா எழுதறேன். நீங்க நல்ல பசங்க. நல்ல பசங்கதான் ஆஸ்பத்திரியில யாரு எதை நீட்டினாலும் பயந்துட்டுக் கையெழுத்துப் போடுவீங்க. அப்பாவுக்கு நானும் அப்பிடித்தான் போட்டேன்."

 ஜான்பாலுக்குப் போன் வந்தது, வெளியே போய்விட்டார்.

ஆவணத்தை இறப்புப் பதிவேடுகள் இருந்த இரும்புப் பீரோவில் வைத்தேன். வைப்பதற்கு முன் எத்தனை வருடத்துக் கோப்பு என்று குறிக்க வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று எங்களுக்கு வகை உண்டு. காலம் முடிந்ததும் அழித்துவிடுவோம். ஈ.ஓ. மூன்றாண்டு என்றார். டீச்சரிடம் சொன்னேன். "மூணு வருசத்துக்குள்ள நான் முடிச்சுக் குடுக்கணுமா?" என்றார். பத்தாண்டு என்று மாற்றினோம். அதுவும் மரியாதையாக இல்லை என்று கடைசியில் நிரந்தரம் என்று போட்டோம். நிரந்தரம் என்று போட்டது டீச்சருக்குப் பிடித்திருந்தது.

உண்மையான தொல்லை காலாண்டு அறிக்கையில் வந்தது. மேலிடத்தில் யாரோ ஒரு படிவம் தயாரித்திருந்தார்கள். பெறப்பட்ட ஆவணங்கள், செயல்படுத்தப்பட்டவை, நிலுவை. நான் ஒவ்வொரு காலாண்டும் ஒழுங்காக அனுப்பினேன்: பெறப்பட்டது ஒன்று, செயல்படுத்தப்பட்டது இல்லை, நிலுவை ஒன்று. நாலாவது அறிக்கைக்குப் பிறகு ஆய்வுக் கூட்டத்திலிருந்து ஈ.ஓ. வேர்த்துப்போய் வந்தார். கையில் ஒரு குறிப்பாணை. "ஓராண்டாக ஒரே இனம் தொடர்ந்து நிலுவையில் உள்ளது வருந்தத்தக்கது. உரிய நடவடிக்கை எடுத்து நிலுவையை முடித்து, தாமதத்துக்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் அனுப்பவும்."

ஈ.ஓ. கதவைச் சாத்தினார். "மேடம், டீச்சர் எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார். காலையில கூட மார்க்கெட்டுல பாத்தேன். பை தூக்கிட்டுப் போனாங்க."

பெருமூச்சு விட்டார். விட்ட பிறகு அந்தப் பெருமூச்சின் அர்த்தம் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். காதுவரை சிவந்துவிட்டது. "ஐயோ, நான் அந்த அர்த்தத்துல விடலீங்க மேடம்" என்றார். அவ்வளவு வருடத்தில் அவர் எதற்காவது கூச்சப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

விளக்கத்தை எப்படி எழுதுவதென்று இருவரும் அரை நாள் திணறினோம். செவ்வாய்க்கிழமை வந்த டீச்சர் குறிப்பாணையை வாங்கிப் படித்துவிட்டு என் பேனாவையும் வாங்கிக்கொண்டார். அவர் எழுதியதைத்தான் ஈ.ஓ. கையெழுத்துப் போட்டு அனுப்பினார்: "மேற்படி இனத்தில் சம்பந்தப்பட்டவர் நல்ல உடல்நலத்துடன் இருப்பதால் நடவடிக்கை எடுக்க இயலவில்லை. இந்நிலை தொடரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது." மேலிருந்து பதில் வரவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை குளோரி போன் செய்தாள். சனிக்கிழமை டீச்சர் கிணற்றடியில் விழுந்திருக்கிறார். மூளையில் ரத்தக் கசிவு. தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, உடனே செய்ய வேண்டியதையெல்லாம் செய்து, செயற்கை சுவாசத்தில் வைத்திருந்தார்கள். ஐந்து நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லை. இனி நினைவு திரும்ப வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அத்தை எழுதின காகிதம் எங்கிட்ட இருக்குதுங்க. ஆனா உங்ககிட்ட இருக்கறதோட வெச்சுச் சரிபாக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க வர முடியுங்களா?" குரல் நடுங்கவில்லை. வேலையில் இருந்தாள்.

ஈ.ஓ. கூட்டத்துக்குப் போயிருந்தார். பதிவறைக் கோப்பை எழுத்து மூலமான உத்தரவில்லாமல் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. போனில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் யாரோ மைக்கில் குப்பை வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்க மேடம். பஸ்ஸுக்கு நிக்காதீங்க, ஆட்டோ புடிங்க. உத்தரவு நான் வந்து எழுதிக்கறேன்."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஆரோக்கியராஜ் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கோப்பைப் புரட்டியவர் நியமன ஆணையில் நின்றார்.

"நீங்கதான் பேஷன்ட்டோட கார்டியனா? அப்ப உங்க சம்மதம் வேணும்."

"இல்லீங்க டாக்டர், அது எழுத்துப் பிழை. நான் காகிதத்துக்குத்தான் காவல். அவங்களுக்காகப் பேச வேண்டியது இந்தப் பொண்ணு" என்று குளோரியைக் காட்டினேன்.

டாக்டர் பொறுமையாக நடைமுறையைச் சொன்னார். அவரும் வேறு இரண்டு நிபுணர்களும் பார்த்து எழுத வேண்டும். அதன் பிறகு இரண்டாவது மருத்துவக் குழு. அதில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிப்பவர். இரண்டு குழுவும் ஒப்புக்கொண்டால் நீதித்துறை நடுவருக்குத் தகவல். எல்லாவற்றுக்கும் நடுவில் குளோரியின் சம்மதம். "எதுக்கு இவ்வளவுன்னா, யாரும் அவசரப்பட்டுடக் கூடாது" என்றார். பிறகு பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "வில்லங்கம் ஏதுமில்லையா?" உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை ஜான்பால் மடக்கினார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"மேடம், ஒரே ஒரு உதவி. அந்தக் காகிதம் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிருங்க. டாக்டர் பாத்தது வேற ஏதோ காகிதம்னு சொல்லிக்கலாம், உங்களது இல்லாம அண்ணிகிட்ட இருக்கறது செல்லாது. உங்க ஆபீஸ்ல ஒரு காகிதம் தொலைஞ்சா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. எங்கம்மாவ நான் இப்பிடி வுட முடியாதுங்க."

அவர் சொன்னது நியாயம். எங்கள் அலுவலகத்தில் ஒரு முழுத் தெருவின் வரைபடமே தொலைந்திருக்கிறது. நான் தலையசைத்திருந்தால் போதும், அந்தத் தாய்க்கு இன்னும் சில நாளோ சில வாரமோ மூச்சு ஓடியிருக்கும். அந்த நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்த்தபோது அது தப்பாகவும் தோன்றவில்லை. இதை மறைத்தால்தான் என்ன ஆகிவிடப்போகிறது என்று தடுமாறினேன். கோப்பு மடியில் கனத்தது.

எனக்கு வேறு வழி தெரியாமல் நாலாம் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். அது மட்டும் டீச்சரே கையால் எழுதியது. அன்று அலுவலகத்தில் அவர் படித்துக்காட்டாத பக்கம். ஜான்பால் நின்றபடியே படித்தார். கரும்பலகையில் எழுதுவது போன்ற எழுத்து, எட்டிப் பார்க்காமலே எனக்கும் தெரிந்தது.

"ஜான்பால் இந்தக் காகிதம் தொலைந்துவிட்டதாகச் சொல்லச் சொல்லுவான். பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சை மார்க் அட்டையையும் அப்படித்தான் சொன்னான். யாரும் நம்ப வேண்டாம். கண்ணு, நீ அன்றைக்கு ஃபெயில் ஆகவில்லை, முப்பத்தாறு வாங்கியிருந்தாய். அட்டை மாட்டுக் கொட்டாய்க் கூரையில் இருந்தது, நான் பார்த்தேன். உனக்குப் பயம் வந்தால் ஒளித்து வைப்பாய். இதை ஒளிக்காதே. குழாயை எடுத்த பிறகு எல்லாரும் சும்மா நிற்காதீர்கள். வழக்கமாகப் பேசுவதைப் பேசுங்கள்."

ஜான்பால் முதலில் சிரித்தார். பெரிய சத்தமாக, நர்ஸ் ஒருவர் எட்டிப் பார்த்து அதட்டும் அளவுக்கு. "முப்பத்தாறா? நான் இத்தினி வருசமா ஃபெயிலுன்னு நெனச்சிட்டு இருக்கறேன், பிரிச்சே பாக்கலீங்க மேடம்" என்றார். அதே மூச்சில் உட்கார்ந்து, என் பக்கத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆரோக்கியராஜ் வந்து தம்பியின் தோளில் கை வைத்து நின்றார். 

எல்லாக் கையெழுத்தும் முடிய இரண்டு நாளானது. சனிக்கிழமை காலை ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்து நோயில்பூசுதல் கொடுத்தார். பத்து மணிக்குக் குழாயை எடுத்தார்கள். என்னையும் உள்ளே இருக்கச் சொன்னாள் குளோரி. "அத்தைக்கு நீங்கதான பாதுகாவலர்" என்றாள். அவள் கேலி செய்தாளா என்று தெரியவில்லை.

டீச்சர் தானாக மூச்சுவிட்டார். மெதுவாக, ஆனால் தானாக.  ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. பேசச் சொல்லி எழுதியிருக்கிறதே என்று குளோரி ஜாடை காட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் யாரும் எதிர்பார்க்காத ஆள் பேசினார். ஆரோக்கியராஜ் அம்மாவின் காதோரம் குனிந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"மாரண்டஹள்ளி மார்க்கெட்டுக்கு இன்னிக்குத் தக்காளி வரத்து ஜாஸ்திம்மா. நம்மளது நாளைக்கித்தான் பறிக்கணும். மேக்காலக் காட்டுல ஊசிப்புழு இருக்குது, வேப்பெண்ணெ அடிச்சிருக்கறேன். மோட்டாரு நேத்து நின்னு போச்சு. கெணத்துல இறங்கிப் பாத்தேன், பைப்பு அடி புட்வால்வுல தழை அடைச்சிருந்துச்சு..."

நாள்முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனிதர் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். நடுநடுவே ஜான்பால், "புட்வால்வ மாத்தச் சொல்லி நான் போன வருசமே சொன்னேன்" என்று குறுக்கே விழுந்தார். அண்ணனும் தம்பியும் அம்மாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று புட்வால்வுக்காகச் சண்டை போட்டார்கள். டாக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. மாலை நாலு மணிக்கு டீச்சர் போனார். குளோரி டாக்டரிடம் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டு, வண்டிக்குச் சொல்லி, ஃபாதருக்குப் போன் செய்து முடித்துவிட்டு, தண்ணீர் கேன் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஈ.ஓ. உத்தரவை எழுதி வைத்திருந்தார், வியாழக்கிழமை தேதியிட்டு. "நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்றார். முடிந்தது என்றேன். 

அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றேன். ஆறு மாதம் கழித்து அவரும் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் போக்குவரத்து இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் அவர் நின்றிருந்தார். அதே முழுக்கைச் சட்டை. இண்டூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததாகவும் அப்படியே எட்டிப் பார்க்க வந்ததாகவும் சொன்னார். என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். நான் காபி வைத்தேன். ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

ஸ்டெல்லா டீச்சர் எழுதியது போன்ற பத்திரம். மேலே அவர் பெயர், வயது, முகவரி. கீழே, "என்னால் பேச இயலாத நிலையில் எனக்காக முடிவெடுக்க வேண்டியவர்" என்ற இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே எல்லாமே காலி.

"கல்யாணம் பண்ணிக்கல பாருங்க. கிருஷ்ணகிரியில தம்பி இருக்கான், பேச்சு கெடையாது. ரெண்டு மாசமா இந்தத் தாள வெச்சுட்டு உக்காந்திருக்கறேன் மேடம். யாரு பேரப் போடறதுன்னு தெரியல."

அவர் கேட்க வந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். காலியாக இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன்.

ஈ.ஓ. அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க சார், பேரு போட்டாச்சு. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. தெரிஞ்சாத்தானே நான் அங்க போய்ப் பேச முடியும்" என்றேன்.

அவர் தாளின் மடிப்பை நீவி, ஓரங்களைத் தட்டி நேராக்கினார்.  அந்தக் கேள்வியை அதுவரை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை என்று தெரிந்தது. காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. வெளியே பால்காரர் மணியடித்துவிட்டுப் போனார்.

"எனக்கு ஆஸ்பத்திரி வாசனை ஆகாதுங்க மேடம்" என்றார் கடைசியில். "எங்க படுக்க வெச்சாலும், ஜன்னல் ஓரமா இருந்தா நல்லாயிருக்கும்."

அதை முதல் வரியாக எழுதினேன்.